ஆனைக்கசத்தில் மத்தி

ஜனவரி 9, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. ஆனைக்கசத்தில் நீர் எடுத்து அனுப்ப என்னை அனுமதித்திருக்கிறார்கள். எட்டு மாதத்தில் அந்த ஆய்வு நிறுவனத்துக்குப் பதினேழு கடிதம் எழுதியிருக்கிறேன். பதினெட்டாவதற்குத் தாள் எடுத்து வைத்த அன்று பதில் வருகிறது.

விவரத்தை ஒரு முறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சீவலோடை மலையிலிருந்து இறங்கி, காட்டு எல்லையைத் தாண்டியதும் ஒரு பாறை மடிப்பில் ஆழமாகத் தேங்குகிறது. அதுதான் ஆனைக்கசம். கோடையிலும் வற்றாது. அதன் அடியைத் தூர்த்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி, படியும் கைப்பிடியும் வைத்து, 'சுற்றுலாக் குளியல் தடாகம்' ஆக்கப் போகிறார்கள். மார்ச் ஐந்தாம் தேதி பேரூராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே வைக்கப்போகிற ஒரே அறிக்கை ஓய்வுபெற்ற பேராசிரியர் சதானந்தம் எழுதியது. கசத்தில் பதினான்கு வகை மீன்கள், எல்லாம் எங்கும் கிடைப்பவை, ஆகவே இழப்பு ஒன்றுமில்லை என்கிறது அது.

பதினான்கு இல்லை, பதினைந்து. பதினைந்தாவதை 1996 முதல் ஏழு முறை பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் நீளம். விலாவில் மூன்று கரும்புள்ளி. மேலுதட்டில் சிவப்புக் கோடு. கடைசியாகப் பார்த்தது 2019 அக்டோபரில். படம் வரைந்து சதானந்தத்திடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வே, நீரு அரசுப் பள்ளிக்கூடத்துல லேப் அட்டெண்டர்தான?" என்றார். முப்பத்தொரு வருடம் அட்டெண்டர்தான். அதற்கும் மீன் விலாவில் இருக்கிற புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

இனி மீனைப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. மீனும் தவளையும் தம் உடம்பின் துணுக்குகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. வழுவழுப்பு, செதில், கழிவு. அதிலெல்லாம் டி.என்.ஏ. இருக்கிறது. நீரை மெல்லிய வடிதாளில் வடித்து அனுப்பினால், உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வகம் சொல்லிவிடும். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

பார்சல் வந்தது. கையுறைகள், ஆறு புட்டிகள், வடிதாள்கள், கையால் இழுக்கும் சிறு பம்ப். ஏழாவதாக ஒரு புட்டி, அதில் ஆய்வகத்துச் சுத்த நீர். அதை ஓடைக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்றவற்றைப் போலவே வடித்து அனுப்ப வேண்டுமாம். பெயர் வெற்றுப் புட்டி. அதற்குள் ஏதாவது மீன் அகப்பட்டால் அது ஓடையில் இருந்து வந்ததில்லை, எடுத்தவன் கையிலிருந்து வந்தது என்று பொருள். என்மேல் நம்பிக்கை இல்லாமல் எனக்கே ஒரு காவலாளியை அனுப்பியிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இதைக் கவனிக்கிற பெண் தாரகா போனில் பேசினாள். கோவைப் பக்கத்துப் பேச்சு. என்னை 'சார்' என்கிறாள். நீரைத் தொடுகிற எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்க வேண்டும், சோப்பு போதாது என்றாள். முப்பத்தொரு வருடத்தில் நான் கழுவிய ஒரு சோதனைக் குழாயையும் யாரும் குறை சொன்னதில்லை என்றேன்.

"கறை போறது வேறங்க சார். டி.என்.ஏ. போறது வேறங்க."

சின்னப் பெண். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 17, புதன்

பார்சலோடு வந்த குளிர்பெட்டி மூலையில் உடைந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள் தாரகா. கழுவத் தெரியாதவன்தான் புதிது வாங்குவான். பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். எங்கிருந்து என்று கனகமணி கேட்டாள். அவளுக்கு அது அவசியமில்லை.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

ஜனவரி 18, வியாழன்

வாஷிங் சோடா, மூன்று தடவை. மாடியில் வெயிலில் காயவைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை பெட்டியை விட்டு நகரவில்லை. இரண்டு முறை விரட்டினேன். பிற்பகல் முழுக்கக் காகங்கள் வேறு.

ஜனவரி 20, சனி

காலை ஐந்தரை வண்டியில் ஐஸ் கிடைத்தது. பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, பாதை முடிகிற இடத்திலிருந்து தலையில் வைத்து நடந்தேன். எழுபத்திரண்டு வயதில் தலைச்சுமை. எதிரே வந்த ஆடு மேய்ப்பவர், என்ன அண்ணாச்சி, வியாபாரமா என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன்.

எந்த இடத்திலும் காலை நனைக்கவில்லை. கசத்தின் கீழ்முனையிலிருந்து தொடங்கி மேலே ஏறினேன், அப்போதுதான் நாம் கலக்கிய நீர் நம் புட்டிக்குள் வராது. பாறை இடுக்கு, வேர்ச் சந்து, நடு ஆழம், நீர் விழுகிற இடம் என்று ஆறு புட்டி. ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. நடு ஆழத்துக்கு மூங்கிலில் கட்டி நீட்டினேன். மூன்று புள்ளி மீன் கண்ணில் படவில்லை. படாது என்று தெரியும், அது வெளிச்சம் ஏறினால் கல்லுக்கடியில் போய்விடும். தவளைகள் ஐந்து வகை கத்தின. ஐந்தையும் கத்தலை வைத்தே சொல்வேன். வெற்றுப் புட்டியைத் திறந்தேன், மூடினேன்.

ஏழையும் ஐஸில் புதைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐஸ் பாதி உருகியிருந்தது. புட்டிகளை அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, சொட்டச் சொட்ட, புனலில் ஊற்றி வடித்தேன். நான்கு மணி நேரம். கனகமணி சமையலறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். ஓடை நீர் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

வடிதாள்களைக் கூரியரில் போட்டாயிற்று. கூடவே ஒரு படிவம், பதினோரு கேள்விகள். 'நீர் எடுத்தவர் பதவி' என்ற இடத்தில் தனி ஆய்வாளர் என்று எழுதினேன். ஒன்பதாவது கேள்வி தேவையற்றது. எப்படியும் நிரப்பினேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

கனகமணிக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். முடிவு வரவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சவரக் கடையில் சதானந்தம். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, கண்ணாடி வழியாகவே என்னோடு பேசினார். "என்னவே, தண்ணிய மோந்து பாத்தே மீனு சொல்லிருவீராமே? ஏரல் சந்தைக்கு வாரும், நல்ல உத்தியோகம் இருக்கு." கத்தி அவர் கழுத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி சொல்வேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

முடிவு வந்தது. தாரகா போனில் ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் எழுதிக்கொண்டேன்.

தவளை இனம் ஆறு. எனக்குத் தெரிந்த ஐந்தும் இருக்கின்றன. ஆறாவதற்குக் காலே கிடையாதாம். மண்புழு மாதிரி ஈர மண்ணுக்குள் இருக்குமாம், ஆனாலும் தவளைக்குப் பங்காளி. இத்தனை வருடம் அங்கே போகிறேன், மண்புழு என்று நினைத்து மிதித்திருப்பேன். எழுதிக்கொண்டேன்.

மீன் பன்னிரண்டு. அதில் பதினொன்று பேராசிரியர் பட்டியலில் உள்ளவை. பன்னிரண்டாவது எந்தப் பட்டியலோடும் பொருந்தவில்லை. கெண்டைக் குடும்பம், ஆனால் இதுவரை யாரும் பதிவு செய்யாத கெண்டை. ஆறு புட்டியில் மூன்றில் இருக்கிறது. மூன்றும் கல்லுக்குப் பக்கத்தில் எடுத்தவை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்போதுதான் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இன்னொன்னும் இருக்குதுங்க. மத்தி."

ஏழு புட்டியிலும் மத்தி. வெற்றுப் புட்டியிலும். கடலில் பிடிக்கிற மத்தி, மலையடிவாரத்தில். இந்த நிலையில் எந்த முடிவையும் வெளியிட முடியாது, மொத்தமும் நிராகரிக்கப்படும் என்றாள்.

இது ஆய்வகத்தின் தவறு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

பிப்ரவரி 17, சனி

இயக்குநருக்கு நான்கு பக்கம் எழுதினேன். அவர்களுடைய ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கும்படி கேட்டிருக்கிறேன். பதிவுத் தபால்.

பிப்ரவரி 19, திங்கள்

மீன்காரர் பீர்முகம்மது வண்டி வந்தது. வேண்டாம் என்று அனுப்பச் சொன்னேன். இருபது வருட வாடிக்கை, ஏன் என்று கனகமணி கேட்டாள். மீன் சலித்துவிட்டது என்றேன். அவர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, பொட்டி காரியமா இருந்தா இன்னும் ரெண்டு நாளு வச்சுக்கிடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 21, புதன்

தாரகா பேசினாள். என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து விசாரணை. முடிகிற வரை அவள் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாதாம். இந்த வருடம் அவள் கையாண்ட எல்லா மாதிரிகளையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எடுத்து அனுப்பியவையும் அதில் சேர்த்தி. என்னைக் குறை சொல்ல அவள் பேசவில்லை. கேட்பதற்குத்தான் பேசினாள்.

"மத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மத்ததைக் காப்பாத்திரலாமுங்க சார். தெரியலீன்னா உங்க மீனும் சேந்து போயிரும். உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?"

ஒன்றும் தோன்றவில்லை என்றேன். பெட்டி புதிதுதானே என்று கேட்டாள். படிவத்தில் எழுதியிருக்கிறேனே என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் பழைய நோட்டுகளை மாடியில் வெயிலில் விரித்தேன். அந்துப் பூச்சி. 1996 நோட்டில் முதல் படம் இன்னும் நன்றாக இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்குப் பள்ளிக்கூட மை.

சாப்பாட்டு நேரத்தில் கனகமணி தட்டை வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படி உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

"பீரு பாய் பொட்டியிலதான தண்ணிய கொண்டு வந்தீய?"

சோற்றைப் பிசைந்தேன்.

"ஐஸும் அவரு வண்டி ஐஸுதான். பொட்டி நாறுதுன்னு அன்னைக்கே நெனச்சேன். பூனைக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையாக்கும்?"

மூன்று தடவை கழுவினேன் என்றேன். சோடாப் போட்டுக் கழுவினேன் என்றேன். என் கழுவலில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை என்று சொல்ல வந்தேன், அவள் முடிக்க விடவில்லை.

"அந்தப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு வெளிய நிக்க வச்ச மாரி நிக்க வச்சிருக்காங்க. ஒங்க கழுவலுக்கு வந்த கேடு. சொல்லுதீயளா, நான் போன் போடட்டா?"

இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்பதாவது கேள்வி: 'குளிர்பெட்டி புதியதா, முன்பு பயன்படுத்தியதா?' நான் 'புதியது' என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். சோடாவில் டி.என்.ஏ. போகாது என்று நானே படித்து, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். படித்ததைவிட என் கையை நம்பினேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

தாரகாவிடம் சொன்னேன். பெட்டி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது. பெட்டியின் உட்சுவரைப் பஞ்சால் துடைத்து, அவர் வண்டி ஐஸையும் உருக்கி, இரண்டையும் அனுப்பச் சொன்னாள். எல்லா உயிரையும் தேட நேரம் பிடிக்கும், இரண்டே கேள்வி கேட்டால் ஒரு வாரம் போதுமாம். பெட்டியில் கடல் மீன் இருக்கிறதா? அந்தப் பெயரில்லாக் கெண்டை இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி ஏன் என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும். மத்தி வந்த வழியில் கெண்டையும் வந்திருக்கலாம் என்று சதானந்தம் சொல்லுவார்.

இயக்குநருக்கு ஒரு கடிதம். நான்கு பக்கம் இல்லை. ஆறு வரி. பதிவுத் தபால்.

பிப்ரவரி 24, சனி

பீர்முகம்மது வீட்டுக்குப் போனேன். விவரத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை ஊர் நடுவில் வைத்துப் பேச வேண்டியிருக்கும் என்றேன். மத்தி இருக்கிறது என்று சொன்னால் தனக்கு நல்லதுதான், இல்லை என்று சொன்னால்தான் வியாபாரம் கெடும் என்றார். அரைக் கிலோ அயிலை வாங்கி வந்தேன்.

மார்ச் 2, சனி

பெட்டி: மத்தி உண்டு, அயிலை உண்டு. கெண்டை இல்லை. ஐஸ்: அதே. தாரகாவை உள்ளே விட்டுவிட்டார்கள்.

கனகமணி என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

மண்டபத்தில் உட்கார இடமில்லை. கூட்டத்தை நடத்தியவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. சதானந்தம் முதலில் பேசினார். தன் பட்டியலை வாசித்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். ஆய்வகத்து முடிவு எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது.

"நம்ம கோயில்பிள்ளை கசத்துல மத்தி கண்டுபிடிச்சிருக்காரு. கடல்லயிருந்து அருவி ஏறி வந்திருக்கும் போல. குளிக்கப் போறவங்க எண்ணெய்ச் சட்டியும் கொண்டு போங்க."

மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் அடங்க நேரமாயிற்று. அது அடங்குகிற வரை நின்றுகொண்டே இருந்தேன். எழுதிக் கொண்டுபோன எட்டுப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"மத்தி என் கையால வந்தது," என்றேன். "பீர்முகம்மது பாய் பொட்டியில அவரு ஐஸப் போட்டுத் தண்ணி கொண்டு வந்தேன். படிவத்துல புதுப் பொட்டின்னு பொய் எழுதுனேன். அந்தப் பொட்டியவும் சோதிச்சாச்சு. அதுல மத்தி இருக்கு, அயிலை இருக்கு. மூணு புள்ளிக் கெண்டை இல்ல. மத்தி என்னோடது. கெண்டை கசத்தோடது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சதானந்தம் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஒரு பொய் எழுதுனவரு இன்னொண்ணு எழுத மாட்டீரா?"

"எழுதுவேன்னே வச்சுக்கிடும். வெத்துப் புட்டி எழுதாது. என் பொய்யக் காட்டிக் கொடுத்ததே அதுதான். அதுல மத்தி வந்துது. கெண்டை வரல. ஒம்ம பட்டியலுக்கு வெத்துப் புட்டி உண்டாவே?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து பீர்முகம்மது எழுந்தார். பெட்டியையே கொண்டு வந்திருக்கிறார் மனிதர். "எம்பொட்டியில மலைமீனு ஏறுதுன்னா நான் எதுக்கு விடியமுன்ன தூத்துக்குடிக்குப் போறேன்?" என்றார். அதற்கு மண்டபம் சிரித்தது. நானும்.

ஆய்வகத்தின் ஆள் முன்னிலையில் மறுபடி நீர் எடுக்க வேண்டும், முடிவு வரும் வரை கசத்தில் ஒரு சட்டி சிமெண்ட் விழக்கூடாது என்று அதிகாரி எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

வெளியே வருகிறபோது இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் "மத்தி அண்ணாச்சி" என்றார்கள். திரும்பி நின்றேன். நேரே சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை.

மார்ச் 11, திங்கள்

தாரகா வந்தாள். போனில் கேட்ட குரலைவிட உயரம். அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். பாதிவரை போனேன். "வெயிலாயிருமுங்க சார், நடப்போம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். புதுப் பெட்டி.

அவள்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். கையுறையை என்னிடம் நீட்டினாள். அவள் பாறைமேல் உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டாள். புனலை, பம்பை, மூங்கிலைக் கூட நேற்றே பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்திருந்தேன். கை இன்னும் நாறுகிறது. புட்டிகளை ஐஸிலிருந்து எடுத்ததும் வெளிப்புறத்தையும் துடைத்தேன். கசத்தின் கரையிலேயே வடித்தோம்.

வேர்ச் சந்தில் ஈர மண்ணை ஒரு கம்பால் மெதுவாகப் புரட்டினேன். கருநீலமாக, வளையம் வளையமாக ஒன்று நெளிந்து உள்ளே போயிற்று. மண்புழு இல்லை. கண் இருந்தது.

படிவம். பதினோரு கேள்விகள். ஒன்பதாவதை முதலில் நிரப்பினேன். 'பதவி' என்ற இடத்தில் லேப் அட்டெண்டர், ஓய்வு.

மார்ச் 28, வியாழன்

கெண்டை ஆறு புட்டியில் ஐந்தில். மத்தி எதிலும் இல்லை. தவளை இனம் ஆறு. தடாகத் திட்டத்தை நிறுத்தி வைத்து உத்தரவு வந்திருக்கிறது. ரத்து இல்லை, நிறுத்தம்தான். ரத்து என்ற சொல் வரும் வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

சதானந்தம் ஆட்சேபம் அனுப்பியிருக்கிறாராம். மீனைப் பிடித்துப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்தான் ஒப்புக்கொள்வாராம். பிடிக்க மாட்டேன். அதைப் பார்க்க வேண்டுமானால் அவர் விடியற்காலையில் கசத்துக்கு வந்து, என் பக்கத்தில், அசையாமல் உட்காரட்டும். முடிவின் நகலை அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஓரத்தில் '15' என்று எழுதி வட்டமிட்டேன்.

மாலையில் கனகமணிக்கு முழங்காலில் தைலம் தேய்த்தபடி முழு அறிக்கையையும் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். வெற்றுப் புட்டி: எதுவும் இல்லை.

"வெறும் புட்டியில ஒண்ணுமில்லன்னு காட்டவா இத்தன பாடு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.